கைராசி டாக்டரும் 1980 அமெரிக்கத் தேர்தலும்



ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சியில் இருந்து தொடங்குகிறேன்.

டைபாய்டு காய்ச்சல் வந்த ஒருவர் ஒரு டாக்டரிடம் போகிறார். அவரும் சரியாகக் கண்டுபிடித்து சரியான ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் டைபாய்டில் மருந்து சரியாகவே இருந்தாலும் காய்ச்சல் முழுசா விட நாலஞ்சு நாள் ஆகும். மூணு நாள் பார்த்துட்டு, "என்னங்க இது.. மாத்திரை போட்டும் காய்ச்சல் விடலையே"னு இன்னொரு டாக்டரிடம் போவார்கள். அவர் அதே மருந்தைத் தொடரச் சொல்லிவிட்டு கூடவே ஒரு சத்து டானிக்கும் எழுதிக் கொடுப்பார்.

மறுநாள் காய்ச்சல் விட்டுவிடும்.

ஊரில் என்ன பேச்சு வரும்?

"ரெண்டாவது டாக்டர்தாங்க கைராசிக்காரர்.. அந்த டானிக் குடிச்சதும் காய்ச்சல் பறந்துடுச்சு!"

நான் அந்த முதல் டாக்டராகவும் இருந்திருக்கிறேன். ரெண்டாவது டாக்டராகவும் இருந்திருக்கிறேன். அதனால் இதில் எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை.

ஆனால் ஒரு நாட்டின் விசயத்தில் இதே தவறு நடந்தால்? டானிக்தான் நோயைக் குணமாக்கியது என்று எல்லாரும் நம்பிவிட்டால், அடுத்த நாற்பது வருசத்துக்கு எந்த நோய் வந்தாலும் அந்த டானிக்கையே கேட்பார்கள்.

அமெரிக்காவில் அதுதான் நடந்தது என்பது என் கருத்து.

1980இல் அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து நின்ற ரொனால்டு ரீகன் என்ன சொல்லி ஓட்டு கேட்டார்? அதில் எது நடந்தது? எது நடக்கவில்லை? நடக்காததற்கான பில்லை யார் கட்டினார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

*

1. நோயாளியின் நிலை

முதலில் நியாயமாகப் பேசுவோம். 1980இல் அமெரிக்காவுக்கு வந்திருந்த நோய் உண்மையான நோய்.

அந்த ஆண்டு விலைவாசி ஏற்றம் சராசரியாக 13.5 சதவிகிதம். போன வருசம் 100 டாலருக்கு வாங்கிய மளிகைச் சாமான் இந்த வருசம் 113 டாலருக்கு மேல்.

வேலையில்லாத் திண்டாட்டம் 7 சதவிகிதத்தைத் தாண்டி இருந்தது. வங்கிகள் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியே அந்த ஆண்டு டிசம்பரில் 21.5 சதவிகிதம் வரை போனது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. விலைவாசி ஏறுவதால் சம்பளமும் எண்ணிக்கையில் ஏறும். ஆனால் அதை வைத்து முன்பு வாங்கியதை விட அதிகமாக ஒன்றும் வாங்க முடியாது. ஆனால் வருமான வரிக்காரர் எண்ணிக்கையைத்தானே பார்ப்பார்? நடுத்தரக் குடும்பங்கள் சத்தமில்லாமல் அடுத்த வரி அடுக்குக்குத் தள்ளப்பட்டன. கையில் காசு கூடவில்லை. வரி மட்டும் கூடியது.

வெளியே பார்த்தால், 1979 நவம்பர் 4 அன்று ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்துவிட்டார்கள். 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1980 ஏப்ரலில் அவர்களை மீட்கப் போன ராணுவ நடவடிக்கை பாலைவனத்திலேயே தோற்றது. 8 வீரர்கள் இறந்தார்கள். இதற்கு நடுவில் 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்துவிட்டன.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ரீகன் தொலைக்காட்சி விவாதத்தில் மக்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி இருந்ததை விட இப்போ நல்லா இருக்கீங்களா?"

அவ்வளவுதான். ஓ.பி.யில் வந்து உட்கார்ந்தவரிடம் "உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்பது போல. மக்கள் மனசுக்குள் "இல்லை" என்றார்கள். நவம்பர் 4 அன்று ரீகன் 44 மாநிலங்களில் ஜெயித்தார். தேர்வாளர் வாக்குகள் 489க்கு 49.

*

2. மருந்துச் சீட்டு

சரி.. அவர் எழுதிய மருந்து என்ன? சுருக்கமாகச் சொன்னால் மூணு மருந்து, ஒரு வாக்குறுதி.

மருந்து 1: வருமான வரியை மூணு வருசத்தில் எல்லாருக்கும் 30 சதவிகிதம் குறைப்பது. வரி குறைந்தால் மக்கள் அதிகம் உழைப்பார்கள், முதலாளிகள் அதிகம் முதலீடு செய்வார்கள், பொருளாதாரம் வளரும், அந்த வளர்ச்சியில் இருந்தே வரி வருமானம் பெருகும் என்பது வாதம்.

மருந்து 2: மத்திய அரசாங்கத்தைச் சுருக்குவது. புதிதாகத் தொடங்கியிருந்த கல்வித் துறையையும் 1977இல் வந்த எரிசக்தித் துறையையும் மூடிவிடுவேன் என்றார்.

மருந்து 3: ராணுவச் செலவைக் கணிசமாகக் கூட்டுவது. கார்ட்டர் நிறுத்தி வைத்த பி-1 குண்டுவீச்சு விமானம் உட்பட எல்லாம் திரும்ப வரும்.

வாக்குறுதி: இதெல்லாம் செய்தும் சில வருசங்களிலேயே பட்ஜெட்டில் பற்றாக்குறை இல்லாமல் செய்துவிடுவேன்.

நண்பர்களே.. உங்கள் வீட்டுக் கணக்கை வைத்து யோசித்துப் பாருங்கள். வருமானத்தைக் குறைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கேட்டும் புதுசா போடுகிறேன். ஏற்கனவே இருக்கும் கடனையும் அடைக்கிறேன். மூணும் ஒரே நேரத்தில்.

எப்படி?

அந்தக் கேள்வியை அன்றைக்கே ரீகனின் சொந்தக் கட்சிக்காரர்கள் கேட்டார்கள். அதே ரிபப்ளிகன் கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் ஆண்டர்சன், "கண்ணாடி வித்தை காட்டினால்தான் முடியும்" என்ற பொருளில் கிண்டல் செய்தார். இன்னொரு போட்டியாளர் இதை "பில்லிசூனியப் பொருளாதாரம்" என்ற அர்த்தத்தில் விமர்சித்தார். அவர் யார் தெரியுமா? ஜார்ஜ் புஷ் சீனியர். சில மாதங்களில் அவரே ரீகனின் துணை அதிபர் வேட்பாளர் ஆகிவிட்டார். அதன் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயில் இருந்து கேட்க முடியவில்லை!

*

3. காய்ச்சலை இறக்கியது யார்?

இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம்.

விலைவாசி ஏற்றம் 1980இல் 13.5 சதவிகிதம் என்று பார்த்தோம். 1983இல் அது 3.2 சதவிகிதம். பெரிய சாதனை. சந்தேகமே இல்லை.

ஆனால் எந்த மருந்தால்?

அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வுக்கு 1979 ஆகஸ்டில் பால் வோல்கர் தலைவர் ஆனார். அவரை நியமித்தவர் ஜிம்மி கார்ட்டர். ஆமாம், தோற்றுப்போன அதே கார்ட்டர்தான்.

வோல்கர் கொடுத்தது கசப்பு மருந்து. வட்டி விகிதத்தை 20 சதவிகிதம் அளவுக்கு ஏற விட்டார். கடன் வாங்க ஆள் இல்லை. வீடு கட்டுவது நின்றது. கார் விற்பனை படுத்தது. கட்டட வேலை செய்பவர்கள் மரக்கட்டைகளை அவருக்குத் தபாலில் அனுப்பி எதிர்ப்பைக் காட்டினார்கள். 1982 கடைசியில் வேலையில்லாதோர் விகிதம் 10.8 சதவிகிதம் ஆனது. பத்தில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை.

அந்த வலிக்குப் பிறகுதான் காய்ச்சல் விட்டது.

கார்ட்டர் ஆட்சியில் ஆரம்பித்த மருந்து. அதன் கசப்பால் கார்ட்டரின் ஓட்டு போனது. குணமானபோது நாற்காலியில் இருந்தவர் ரீகன். பெயர் அவருக்கு.

இதில் ரீகனுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அரசியல்வாதி ஆகிவிடுவேன். 1982 இடைத்தேர்தலில் கீழவையில் தன் கட்சிக்கு 26 இடங்கள் போன பிறகும் அவர் வோல்கரின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. 1983இல் அவரையே மறுபடியும் நியமித்தார். முந்தைய டாக்டர் ஆரம்பித்த மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் முழு கோர்ஸையும் முடிக்க விட்டார். அது பெரிய மனசு. ஆனால் அது அவருடைய சீட்டில் இருந்த மருந்து இல்லை.

*

4. அவருடைய சொந்த மருந்து என்ன செய்தது?

1981 ஆகஸ்டில் வரிக்குறைப்புச் சட்டம் வந்தது. கேட்டது 30, கிடைத்தது மூணு வருசத்தில் 25 சதவிகிதம் வரை. உச்ச வரி விகிதம் 70இல் இருந்து 50 ஆனது. 1986இல் வந்த இன்னொரு சட்டத்தால் அது 28 ஆனது.

நல்லது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்னேனே.. விலைவாசி ஏறும்போது நடுத்தரக் குடும்பம் சத்தமில்லாமல் மேல் அடுக்குக்குத் தள்ளப்படுவது. 1981 சட்டம் வரி அடுக்குகளை விலைவாசியோடு சேர்த்துக் கட்டியது. 1985 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நோய்க்கு அது மிகச் சரியான மருந்து. இன்று வரைக்கும் வேலை செய்கிறது.

ஆனால் பற்றாக்குறை?

1980இல் 7,400 கோடி டாலர். 1983இல் 20,800 கோடி டாலர்.

சில வருசங்களில் பூஜ்யமாகும் என்று சொன்னது ஏறத்தாழ மூணு மடங்கு ஆகிவிட்டது.

மொத்தக் கடன் 1980இல் சுமார் 90,000 கோடி டாலர். 1988இல் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் கோடி டாலர்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ரிப்போர்ட் வந்ததும் ரீகன் டோஸை மாற்றினார். 1982இல் வரியை ஏற்றினார். பெட்ரோல் மீதான மத்திய வரியைக் கேலனுக்கு 4 சென்ட்டில் இருந்து 9 சென்ட் ஆக்கினார். 1983இல் ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகையைக் கூட்டினார். முழு ஓய்வூதியம் பெறும் வயதை 65இல் இருந்து படிப்படியாக 67 ஆக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1984இலும் வரி ஏறியது.

"வரியைக் குறைத்தார் ரீகன்" என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். அவர் திரும்பத் திரும்ப வரியை ஏற்றியதும் அவருடைய கதைதான். அதைச் சொல்ல அவர் கட்சியில் இன்று ஆள் குறைவு.

*

5. அரசாங்கம் சுருங்கியதா?

பதவியேற்ற அன்று, 1981 ஜனவரி 20இல், ரீகன் சொன்னதன் சாரம் இது: இப்போதைய நெருக்கடிக்கு அரசாங்கம் தீர்வு அல்ல, அரசாங்கமே பிரச்சினை.

எட்டு வருசம் கழித்துப் பார்த்தால்..

கல்வித் துறை மூடப்படவில்லை. எரிசக்தித் துறை மூடப்படவில்லை. மாறாக, முன்னாள் படைவீரர் நலனுக்காகப் புதிதாக ஒரு அமைச்சகமே உருவாக்கும் சட்டத்தில் 1988இல் அவரே கையெழுத்திட்டார். மத்திய அரசு ஊழியர்களின் எண்ணிக்கையும் குறையவில்லை.

ஏன்?

காரணம் எளிது. அமெரிக்க பட்ஜெட்டின் பெரும் பகுதி முதியோர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், ராணுவம், கடனுக்கான வட்டி. ராணுவத்தைக் கூட்டுவதாகச் சொல்லியாச்சு. வட்டியைக் கட்டித்தான் ஆகணும். ஓய்வூதியத்திலும் மெடிகேரிலும் கை வைத்தால் முதியவர்கள் ஓட்டு போடமாட்டார்கள்.

மீதம் இருப்பது என்ன? ஏழைகளுக்கான திட்டங்கள். வெட்டு அங்கேதான் விழுந்தது.

ஒரு டாக்டராக எனக்கு வலிக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

*

6. பில் கட்டியவர்கள்

முதலில் ஒரு பழைய கதை. 1961இல் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒரு கிராமபோன் தட்டு வெளியிட்டது. முதியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு கூடாது, அது சோசலிச மருத்துவம் என்ற பிரச்சாரத் தட்டு. அதில் பேசியவர் அப்போது நடிகராக இருந்த ரீகன். ஆமாம்.. எங்கள் தொழில்காரர்கள்தான் அவருக்கு மைக்கைக் கொடுத்தார்கள். அந்த வெட்கத்தை மறைப்பதில் அர்த்தமில்லை.

1980 விவாதத்தில் கார்ட்டர் இதைச் சுட்டிக்காட்டினார். ரீகன் சிரித்துக்கொண்டே "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்ற தொனியில் ஒரே வரியில் கடந்துவிட்டார். அரங்கம் சிரித்தது. கேள்வி காணாமல் போனது.

ஆட்சிக்கு வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள்.

மனநலம்: சமூக மனநல மையங்களை வலுப்படுத்தும் சட்டத்தில் 1980 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்திட்டார். ஒரு வருசம் கூட ஆகவில்லை. 1981 ஆகஸ்டில் வந்த பட்ஜெட் சட்டம் அதன் பெரும் பகுதியை ரத்து செய்தது. பணம் குறைக்கப்பட்டு, மொத்தமாக ஒரு தொகையாக மாநிலங்களிடம் கொடுக்கப்பட்டது. "நீங்களே பார்த்துக்கோங்க" என்று அர்த்தம்.

பெரிய மனநல மருத்துவமனைகளை மூடும் வேலை ரீகனுக்கு முன்பே, 1950கள், 60களிலேயே ஆரம்பித்துவிட்டது. தெருவில் கிடந்த ஒவ்வொரு மனநோயாளிக்கும் ரீகனைக் காரணம் சொல்வது தவறு. ஆனால் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தவர்களுக்குச் சமூகத்தில் ஒரு பிடிமானம் தேவைப்பட்ட நேரத்தில் அந்தக் கயிறு அறுக்கப்பட்டது என்பது உண்மை.

ஏழைகளின் மருத்துவம்: ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 1982 முதல் மூணு வருசத்துக்கு முறையே 3, 4, 4.5 சதவிகிதம் குறைக்கப்பட்டது. ஏழைத் தாய்மார்களுக்கான உதவித்தொகையின் விதிகள் இறுக்கப்பட்டன. குறைந்த கூலிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பல தாய்மார்கள் உதவித்தொகையை இழந்தார்கள். அதோடு மருத்துவக் காப்பீடும் போனது. வேலைக்குப் போனதற்குத் தண்டனை!

பள்ளி மதிய உணவு: நிதியை வெட்டியதால் செலவைக் குறைக்க 1981இல் வேளாண் துறை ஒரு வரைவு விதி கொண்டு வந்தது. ஊறுகாய் மாதிரியான தொட்டுக்கைகளைக் கூட காய்கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. "கெட்சப் ஒரு காய்கறியா?" என்று நாடே சிரித்தது. விதி திரும்பப் பெறப்பட்டது. சிரிப்பு அடங்கிவிட்டது. நிதி வெட்டு அப்படியே இருந்தது.

இன்னொன்று. காப்பீடு இல்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும் வழக்கம் அங்கே பெருகியது. பிரசவ வலியில் இருப்பவரைக் கூட. கடைசியில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. அவசர சிகிச்சைக்கு வரும் யாரையும், காசு இருக்கோ இல்லையோ, பரிசோதித்து நிலைப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும். மெடிகேர் பணம் வாங்கும் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம்.

அதில் கையெழுத்திட்டவர் யார்? அரசாங்கமே பிரச்சினை என்று சொன்ன அதே ரீகன்.

வாசலில் ஒரு உயிர் துடிக்கும்போது அரசாங்கம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இதை எந்தப் பொருளாதாரப் புத்தகமும் படிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு டூட்டி பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

*

7. ராணுவம்

1980இல் ராணுவச் செலவு சுமார் 13,400 கோடி டாலர். 1988இல் சுமார் 29,000 கோடி டாலர். விலைவாசியைக் கழித்தாலும் பெரிய உயர்வு. (கார்ட்டரின் கடைசிக் காலத்திலேயே ஏற்றம் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.)

பணம் வெள்ளமாக வந்தால் என்ன ஆகும்? ஒரு கழிப்பறை இருக்கைக்கு 640 டாலர் பில் வந்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. கடைசியில் ரீகனே ஒரு ஆணையம் அமைத்துக் கொள்முதல் முறையை ஆராயச் சொன்னார்.

செலவு கூடினால் பாதுகாப்பு கூடிவிடுமா? 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் ஒரு லாரி வெடிகுண்டு 241 அமெரிக்கப் படைவீரர்களைக் கொன்றது. சில மாதங்களில் படை திரும்பி வந்துவிட்டது. ஈரானிடம் கார்ட்டர் மென்மையாக இருக்கிறார் என்று பேசி வந்த அரசு, அதே ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது 1986இல் அம்பலமானது.

"ஆனா சார்.. அந்த ராணுவச் செலவுதானே சோவியத்தைச் சாய்ச்சது?" என்று கேட்பீர்கள்.

அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் சோவியத் பொருளாதாரம் உள்ளுக்குள்ளேயே செல்லரித்துப் போயிருந்தது. ஆப்கான் போர் அதை உறிஞ்சியது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோர்பச்சேவ் என்ற மனிதர் துப்பாக்கியை எடுக்காமல் இருக்க முடிவு செய்தார். பல நோய் சேர்ந்து இறந்த நோயாளிக்கு ஒரே காரணத்தை இறப்புச் சான்றிதழில் எழுத எங்களுக்கே கை வராது.

ரீகனை நான் பாராட்டும் இடமும் இதில்தான் இருக்கிறது. சோவியத்தைத் தீய பேரரசு என்று அழைத்தவர், 1987 டிசம்பர் 8 அன்று கோர்பச்சேவோடு உட்கார்ந்து, நடுத்தர தூர ஏவுகணைகளை அடியோடு ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவருடைய சொந்த ஆதரவாளர்களே திட்டினார்கள். அவர் அசரவில்லை.

அந்த ஏவுகணைகளை இல்லாமல் ஆக்கியது பேச்சுவார்த்தை மேசை.

*

8. ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தை மாற்றிய ஒரு டாக்டர்

எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981 ஜூன் 5 அன்று வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 5 இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா. இந்நோய் குறித்து ரீகன் தனி உரை ஆற்றியது 1987 மே 31 அன்று. ஆறு வருசம். அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்துவிட்டார்கள்.

இந்த மௌனத்துக்கு நடுவில் ஒருவர் பேசினார். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். கருக்கலைப்பை எதிர்த்த, ஆழ்ந்த மதப்பற்று உள்ள பழமைவாதி. அதனால்தான் ரீகன் அவரை நியமித்தார்.

ஆனால் 1986இல் அவர் வெளியிட்ட எய்ட்ஸ் அறிக்கை, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டும், ஆணுறை பாதுகாக்கும் என்று நேராகச் சொன்னது. அவரை நியமிக்கப் பாடுபட்டவர்களே கொதித்தார்கள். 1988இல் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு எய்ட்ஸ் பற்றிய கையேட்டைத் தபாலில் அனுப்ப வைத்தார்.

அவர் தன் நம்பிக்கையை விடவில்லை. தன் நம்பிக்கைக்காக நோயாளியை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நான் பழமைவாதத்துக்கு எதிரி இல்லை நண்பர்களே. அரசாங்கம் வீண்செலவு செய்யக்கூடாது, நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும், உழைத்தவன் கையில் காசு மிஞ்ச வேண்டும் என்பதில் என்ன தப்பு? கூப் மாதிரி ஒருவர் சொன்னால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

*

9. பழைய சீட்டு, புது நோயாளி

1982இல் வரியை ஏற்றியபோது அந்த வேலையை செனட்டின் நிதிக் குழுத் தலைவராக முன்னின்று செய்தவர் பாப் டோல். பற்றாக்குறையைக் கண்டால் பிடிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். 1996இல் அவரே அதிபர் கிளின்டனை எதிர்த்து நின்றார். என்ன வாக்குறுதி கொடுத்தார்? எல்லாருக்கும் 15 சதவிகித வரிக்குறைப்பு! பற்றாக்குறையும் இருக்காது என்றார். தோற்றார்.

2012இல் ஒபாமாவை எதிர்த்த மிட் ராம்னி. வரி விகிதங்களில் 20 சதவிகிதம் குறைப்பு. ராணுவத்துக்கு நாட்டு உற்பத்தியில் 4 சதவிகிதம். ஆனால் மொத்த அரசுச் செலவு 20 சதவிகிதத்தைத் தாண்டாது. எந்த வரிச்சலுகையை நீக்கி இதைச் சரிக்கட்டுவீர்கள் என்று கேட்டபோது முழுப் பட்டியல் வரவில்லை. அவரும் தோற்றார்.

1980இல் விலைவாசி 13.5 சதவிகிதம், உச்ச வரி 70 சதவிகிதம். 2012இல் விலைவாசி சுமார் 2 சதவிகிதம், உச்ச வரி 35 சதவிகிதம். நோயாளி வேறு. நோய் வேறு. சீட்டு மட்டும் அதே சீட்டு.

முப்பது வருசத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டை மெடிக்கலில் காட்டி, பேரனுக்கு மாத்திரை வாங்கினால் நாம் சும்மா இருப்போமா?

அன்று காய்ச்சலை இறக்கியது டானிக்தான் என்று நம்பியதன் விலை இது.

*

10. அப்போ நாம் என்ன கேட்கணும்?

எந்த நாட்டிலும், எந்தக் கட்சியிலும், ஆட்சியில் இருப்பவரை எதிர்த்து ஒருவர் வந்து "எல்லாத்தையும் மாத்துறேன்" என்று சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று. அவர் சொல்லும் நோய் உண்மையா? (பல நேரம் உண்மையாகத்தான் இருக்கும். இதோடு நிறுத்திவிடாதீர்கள்.)

இரண்டு. வரியைக் குறைத்தால் எந்தச் செலவைக் குறைப்பீர்கள்? "வீண்செலவு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. திட்டத்தின் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் திருப்பிக் கேட்க வாய் இல்லாதவர்களாக இருப்பார்கள்.

மூன்று. ராணுவத்துக்கு இவ்வளவு என்றால் எந்த ஆபத்தைத் தடுக்க? எந்த ஆயுதம்? பேச்சுவார்த்தைக்கும் ஆள் வைத்திருக்கிறீர்களா?

நான்கு. நீங்கள் சொன்னது நடக்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் மருந்தை மாற்றுவீர்களா?

ரீகன் நாலாவது கேள்வியில் பாதி மதிப்பெண் வாங்கினார். வரியில் மாற்றினார், ஏவுகணையில் மாற்றினார். மனநோயாளிகள் விசயத்திலும் ஏழைத் தாய்மார்கள் விசயத்திலும் மாற்றவில்லை. அவர் பெயரைச் சொல்லிப் பின்னால் வந்த பலருக்கு அந்தப் பாதி மதிப்பெண் கூடத் தேறாது.

முடிக்கும் முன் ஒரு சம்பவம்.

1981 மார்ச் 30 அன்று ரீகன் சுடப்பட்டார். குண்டு நுரையீரலைத் துளைத்தது. உடம்பில் பாதி ரத்தம் போய்விட்டது. அறுவை அரங்கில் படுத்துக்கொண்டு டாக்டர்களிடம் அவர் கேட்டாராம்: "நீங்க எல்லாரும் ரிபப்ளிகன்தானே?"

அந்தக் குழுவை வழிநடத்திய டாக்டர் எதிர்க்கட்சியை ஆதரிப்பவர். அவர் சொன்ன பதில்: "இன்னைக்கு நாங்க எல்லாரும் ரிபப்ளிகன்தான் சார்."

மேசையில் படுத்திருப்பவர் எந்தக் கட்சி, கையில் காசு இருக்கா என்று பார்க்காமல் அவர்கள் கத்தியை எடுத்தார்கள். ரீகன் பிழைத்தார்.

அந்தக் கவனிப்பு அதிபருக்குக் கிடைத்தது போல, அதே வருசம் மனநல மையம் மூடப்பட்டு வாசலில் நின்றவருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் வாதம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் நாகரிகமாகச் சொல்லுங்கள். நேரம் கிடைக்கும்போது பதில் தருகிறேன்.



பொதுநல மருத்துவர்